கொறங்காட்டில் புல்லோடு பயறு வகைகளைக் கலந்து விதைத்தால் மண் வளம் கூடுமா?

மூலனூர் மேய்ச்சல்

அனைவருக்கும் வணக்கம். மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு மானாவாரிக் கொறங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடு, இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல் என்று இந்த வட்டாரத்தார் எல்லோரும் அறிந்த அமைப்புதான். செம்மறிகளும் இரண்டு காங்கேயம் மாடுகளும் அதை நம்பியே இருக்கின்றன. சில ஆண்டுகளாகப் புல்லின் தூர்கள் மெலிந்து, இடையிடையே வெற்றுத் தரை தெரிகிறது. முன்பெல்லாம் மழை பெய்ததும் தானாக முளைத்துப் படரும் நரிப்பயறும் இப்போது அரிதாகிவிட்டது.

மண் பரிசோதனை முடிவில் அங்ககக் கரிமம் (மட்கில் உள்ள கார்பன்) 0.32 விழுக்காடு, தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குறைவு, சாம்பல் சத்து (பொட்டாசியம்) நடுத்தரம், கார அமில நிலை (pH) 7.9 என்று இருக்கிறது. மழைக்கு முன் யூரியா தூவினால் போதும் என்கிறார் உறவினர் ஒருவர். முயல்மசால் என்ற தீவனப் பயறுச் செடியைப் புல்லுக்கு இடையே விதைத்தால் அதுவே மண்ணுக்கு உரமாகிவிடும் என்கிறார் இன்னொருவர். பயறு வகையைச் சேர்ப்பதால் தீவனத்தின் தரம் கூடும் என்பது தெரியும். மண்ணின் வளமும் உண்மையிலேயே கூடுகிறதா, அல்லது அது பேச்சளவில்தானா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

செம்மண்

உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பயறுச் செடி காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கிறதா என்பது ஒன்று. எடுத்தது உங்கள் மண்ணில் தங்குகிறதா என்பது மற்றொன்று. ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் மணலில் பட்டாணியையும் ஓட்ஸையும் வளர்த்துப் பார்த்து 1886 முதல் 1888 வரை வெளியிட்ட முடிவுகளிலேயே முதல் கேள்வி தீர்ந்துவிட்டது. இரண்டாவதற்குத்தான் நிலத்துக்கு நிலம் விடை மாறுகிறது.

வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் இந்த வேலையைச் சும்மா செய்வதில்லை. செடி தயாரித்த சர்க்கரையைச் செலவிட்டே செய்கிறது. ஆகவே மண்ணில் நைட்ரேட் (வேர் உறிஞ்சும் வடிவில் உள்ள தழைச்சத்து) தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் செடி அந்தச் செலவை மேற்கொள்ளாது. பயறு வகையை மட்டும் தனியாக நெடுநாள் வளர்த்தால், உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் மட்கி மண்ணில் நைட்ரேட் சேரச் சேர, செடி காற்றை விட்டுவிட்டு மண்ணிலிருந்தே உறிஞ்சத் தொடங்கும். பக்கத்தில் புல் நின்றால் நிலைமை வேறு. புல்லின் நார் வேர்கள் மண்ணில் இருக்கும் நைட்ரேட்டை உடனுக்குடன் இழுத்துக்கொள்வதால், பயறுச் செடி காற்றை நம்பியே வாழ வேண்டியதாகிறது. கலப்பு மேய்ச்சல் நிலங்களில் பயறுச் செடியில் உள்ள தழைச்சத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் காற்றிலிருந்து வந்ததாக அளந்து காட்டியிருக்கிறார்கள். இந்தப் போட்டிதான் கலப்பு விதைப்பின் சூட்சுமம். புல் பக்கத்துச் செடியைப் பட்டினி போடுகிறது. அந்தப் பட்டினியால்தான் நிலத்துக்குப் புதிதாகத் தழைச்சத்து வருகிறது.

அது புல்லுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதில் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. வேரிலிருந்து வேருக்கு நேரடியாகப் பெருமளவில் போவதில்லை. பூசண இழைகள் வழியாகப் போவதும் சொற்பமே. மேய்ந்த பிறகோ வறட்சியிலோ மடியும் வேரும் முடிச்சும், உதிரும் இலையும், கால்நடையின் சாணமும் மூத்திரமும்தான் பெரிய வழிகள். மாடும் ஆடும் தின்ற தழைச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் அவற்றின் கழிவாகவே வெளியே வருகிறது. அது எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை சொல்ல முடியும்.

தோட்டத்துச்சாளை

செம்மண் ஐயா சொன்ன கடைசி வரியைப் படித்தவுடன் எழுதத் தோன்றியது. நாங்கள் கறவை மாடுகளுக்காக இறவையில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போட்டிருக்கிறோம். பரிந்துரைப்படி மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் என்ற தீவனப் பயறுச் செடி என்று நட்டோம். முதல் ஆண்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாடுகள் வேலிமசாலைத்தான் முதலில் தேடின, பாலும் நன்றாக இருந்தது.

அடுத்தடுத்த ஆண்டுகளில் புல்லின் முதிர்ந்த இலைகள் ஓரத்திலிருந்து கருக ஆரம்பித்தன. தூரில் புதிய கிளைப்பு குறைந்தது. புல்லின் நிழலில் வேலிமசாலும் மெலிந்து, வரிசையில் பாதிக்கு மேல் காணாமல் போயிற்று. மண்ணைச் சோதித்ததில் சாம்பல் சத்து நன்றாக இறங்கியிருந்தது, தழைச்சத்தும் கூடவில்லை. பயறு வகை சேர்த்தால் மண் வளம் கூடும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறவர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கணக்குப்பிள்ளை

அண்ணா, விளக்கத்துக்கு முன் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு ஏக்கருக்கு 80 டன் பசும்புல் வெட்டும் தோட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். நல்ல இறவையில் இதைவிடக் கூடுதலாகவும் வெட்டுகிறார்கள். நான்கில் மூன்று பங்கு இடம் புல்லுக்கு என்றால் 60 டன். அதில் உலர் எடை 20 விழுக்காடு, அதாவது 12 டன். புரதம் 9 விழுக்காடு என்றால் தழைச்சத்து சுமார் 1.44 விழுக்காடு. ஆக, புல்லோடு வெளியேறும் தழைச்சத்து மட்டும் ஏறக்குறைய 170 கிலோ. சாம்பல் சத்தை உலர் எடையில் 2 விழுக்காடு என்று குறைத்து மதிப்பிட்டாலும் 240 கிலோ போகிறது.

வேலிமசால் வரிசைகளிலிருந்து 10 டன் பசுந்தழை வெட்டினால் உலர் எடை சுமார் 2.5 டன். பயறு வகை ஒரு டன் உலர் தழைக்கு 20 முதல் 25 கிலோ வரை தழைச்சத்தைக் காற்றிலிருந்து சேர்க்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. எனவே வரவு 50 முதல் 60 கிலோ. வெட்டி எடுத்த வேலிமசாலிலேயே 75 கிலோ தழைச்சத்து இருக்கும். அதாவது சேர்த்தது முழுவதும் வெட்டிய சுமையோடு கட்டுத்தரைக்குப் போய்விட்டது. போதாததற்கு மண்ணிலிருந்தும் கொஞ்சம் எடுத்துப் போயிருக்கிறது. புல் எடுத்ததையும் சேர்த்தால் ஏக்கருக்கு 190 கிலோ அளவில் பற்று விழுகிறது. சாம்பல் சத்துக்கோ வரவே கிடையாது, ஏனென்றால் அதைக் காற்றிலிருந்து எந்தச் செடியாலும் எடுக்க முடியாது.

வேலிமசால் தன் வேலையைச் செய்துதான் இருக்கிறது. மண்ணுக்கு வர வேண்டியது மாட்டின் வயிற்றுக்குப் போய், அங்கிருந்து எருக்குழிக்கோ சாக்கடைக்கோ போயிருக்கிறது. உங்கள் கட்டுத்தரை மூத்திரம் எங்கே போகிறது என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

தோட்டத்துச்சாளை

கோபம் இல்லை. மூத்திரமும் கழுவு நீரும் பக்கத்துத் தென்னைக்குப் பாய்கின்றன. சாணம் எருவாக மக்காச்சோளக் காட்டுக்குப் போகிறது. தென்னை ஏன் அவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்பது இப்போது விளங்குகிறது.

செம்மண்

கணக்குப்பிள்ளை போட்ட கணக்கோடு எனக்கு உடன்பாடே. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மாடு தின்னும் சாம்பல் சத்தில் பெரும்பகுதி மூத்திரத்தில்தான் வெளியேறுகிறது. சாணத்தை மட்டும் திருப்பிப் போட்டால் அது ஈடாகாது. மேலும், சாம்பல் சத்து தட்டுப்படும் மண்ணில் முதலில் அடிபடுவது பயறு வகைதான், ஏனென்றால் நார் வேர் கொண்ட புல் அதைப் பறிப்பதில் எப்போதும் முந்திக்கொள்ளும். உங்கள் வேலிமசால் மெலிந்ததற்கு நிழலோடு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம். கழுவு நீரில் ஒரு பங்கையாவது புல் தோட்டத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

கொறங்காட்டின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அங்கே கால்நடை நிலத்திலேயே மேய்ந்து நிலத்திலேயே கழிக்கிறது. இறைச்சியாகவும் பாலாகவும் கம்பளியாகவும் வெளியேறுவது சிறு பங்குதான். ஆனால் இரவில் ஆடுகளை எங்கே அடைக்கிறீர்கள் என்பது முக்கியம். பகலெல்லாம் காட்டில் மேய்ந்துவிட்டு இரவெல்லாம் வீட்டோரப் பட்டியில் அடைந்தால், காட்டின் சத்தில் கணிசமான பங்கு நாள்தோறும் பட்டிக்கு நடந்து வந்துகொண்டே இருக்கும். அந்தப் பட்டி எரு விலைக்குப் போனால், அது கொறங்காட்டையே கொஞ்சம் கொஞ்சமாக விற்பது போலத்தான்.

மூலனூர் மேய்ச்சல்

எங்கள் பட்டி எருவைப் பெரும்பாலும் மஞ்சள் போடுகிறவர்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். இதை இந்தக் கோணத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

விதைப்பெட்டி

இவ்வளவு சுற்று வழி தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. மகாராஷ்டிரத்தின் இயற்கை வேளாண் அறிஞர் தபோல்கர் வகுத்து, இயற்கை வேளாண்மை முன்னோடி நம்மாழ்வார் ஐயா தமிழ்நாடெங்கும் கொண்டு சேர்த்த பல தானிய விதைப்பு இருக்கும்போது, மண்ணைத் திருத்த ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. சோளம், கம்பு, தினை, சாமை போன்ற தானியங்களும், உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு போன்ற பயறுகளும், எள், ஆமணக்கு போன்ற எண்ணெய் வித்துகளும், தக்கைப்பூண்டு, சணப்பு, கொளுஞ்சி போன்ற பசுந்தாள் வகைகளும், கடுகு, கொத்தமல்லி போன்றவையும் கலந்து ஏக்கருக்கு 20 கிலோவுக்குக் குறையாமல் விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் போதும். தானியமும் புல் இனம்தானே? புல்லும் பயறும் கலந்த அதே தத்துவம்தான் இதுவும். வெட்டி வெளியே எடுப்பதே இல்லை என்பதால், கணக்குப்பிள்ளை சொன்ன பற்றும் விழாது.

செம்மண்

பயிர் நிலத்துக்கு நீங்கள் சொல்வது நல்ல முறை என்பதில் எனக்கு மறுப்பில்லை. சணப்பை மட்டும் தனியாக மடக்கி உழுதால், அதில் கரிமத்தின் விகிதம் தழைச்சத்தை ஒப்பிடும்போது 20 மடங்கு அளவிலேயே இருப்பதால் விரைவில் மட்கி, அடுத்த பயிர் வேர் பிடிப்பதற்கு முன்பே நைட்ரேட் மழையில் கீழே இறங்கிவிடக்கூடும். முற்றிய சோளத்தட்டை மட்டும் உழுதாலோ அந்த விகிதம் 60, 70 என்று இருக்கும். அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த பயிர் வெளிறும். இரண்டையும் கலந்தால் நடுவில் நின்று மெதுவாக விடுவிக்கும். பல தானிய விதைப்பின் பலம் அதுதான். எத்தனை வகை விதை போட்டோம் என்பதை விட, பயறும் தானியமும் என்ன அளவில் கலந்திருக்கின்றன என்பதே அதில் முக்கியம் என்பது என் கருத்து. கடுகையும் கொத்தமல்லியையும் நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் கேட்பவர் வைத்திருப்பது நிலைத்த மேய்ச்சல் நிலம். அங்கே உழவு வேறு விளைவைத் தரும். அங்ககக் கரிமம் 0.32 விழுக்காடு என்கிறார். ஓர் ஏக்கரில் மேல் 15 செண்டிமீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 850 டன். கரிமத்தை வெறும் 0.1 விழுக்காடு உயர்த்த 850 கிலோ கரிமம் மண்ணில் நிலையாகத் தங்க வேண்டும். மண்ணில் நிலைத்த மட்கில் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 11-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதால், அதோடு 75 கிலோ தழைச்சத்தும் தங்கியாக வேண்டும். கரிமத்தைக் கொடுப்பதில் கொழுக்கட்டைப் புல்லின் வேருக்கு இணை இல்லை. ஆனால் தழைச்சத்து இல்லாமல் அந்த வேர் மட்காக நிலைக்காது. நுண்ணுயிர் சுவாசித்துக் காற்றுக்கே அனுப்பிவிடும். பயறு வகை அந்த 75 கிலோவைக் கொண்டுவருகிறது. புல் அந்த 850 கிலோவைக் கொண்டுவருகிறது. ஒன்று இல்லாமல் மற்றொன்று பாதி வேலையோடு நின்றுவிடும்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் சீடர் கிரீக் என்ற இடத்தில், விவசாயத்தால் வளம் குன்றிப்போன மணற்பாங்கான நிலத்தில் பல்லாண்டுப் புல்வெளிச் செடிகளை வைத்து நடத்திய ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. 12 ஆண்டு முடிவில், பல இனம் கலந்த பாத்திகளில், தனித்தனி இனமாக வளர்த்த பாத்திகளின் சராசரியை விட மண் கரிமம் 500 விழுக்காடும் மண் தழைச்சத்து 600 விழுக்காடும் கூடுதலாகச் சேர்ந்திருந்தன. எண்ணிக்கையை விட எந்தெந்த வகை சேர்ந்து நின்றன என்பதே அதில் பெரிய காரணமாக இருந்தது: கோடையில் வளரும் வெப்பப் புல் வகையும் பயறு வகையும் ஒன்றாக இருந்த பாத்திகள் முன்னே நின்றன. நம் கொழுக்கட்டைப் புல்லும் அந்த வெப்பப் புல் வகையைச் சேர்ந்ததுதான். அங்கே யாரும் ஆண்டுதோறும் உழவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உழுதால் மண் கட்டிகள் உடைந்து, உள்ளே பத்திரமாக இருந்த மட்கு காற்றுப் பட்டு எரிந்துபோகும். 35 டிகிரி வெயிலில் அது இன்னும் விரைவாக நடக்கும்.

விதைப்பெட்டி

கொறங்காட்டையும் நம் முன்னோர் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்துத்தானே புதுப்பித்தார்கள்? உழவே கூடாது என்பது பொருந்தவில்லை.

செம்மண்

நியாயமான கேள்வி. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை என்பதுதான் அதில் உயிர்நாடி. இறுகிப்போன தரையை உடைக்கவும், முதிர்ந்த தூர்களைப் பிரிக்கவும், உதிர்ந்த புல் விதையை மண்ணுக்குள் சேர்க்கவும் அந்த ஓர் உழவு உதவியது. அதோடு கொள்ளோ நரிப்பயறோ நுழைந்துகொண்டது. பல தானிய விதைப்பைப் போல ஒவ்வொரு பட்டத்திலும் மடக்கி உழுவதை நான் ஏற்கவில்லை என்பதையே சொல்ல வந்தேன். மூலனூர் மேய்ச்சலுக்கும், வெற்றுத் தரை தெரியும் திட்டுகளில் மட்டும் கொத்துக் கலப்பையை ஓட்டினால் போதும்.

கோத்தகிரி

மேட்டுநிலத்து அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் கிகுயூ புல்லோடு வெள்ளைக் குளோவர் நன்றாக இணைந்து வளர்கிறது. ஆனால் எங்கள் மண் அமிலத் தன்மை கொண்டது. கார அமில நிலை 5.5-க்குக் கீழே இறங்கிய இடத்தில் குளோவர் முளைத்தாலும் முடிச்சு சரியாக வைப்பதில்லை; சுண்ணாம்பு போட்ட பிறகுதான் பிடித்தது. ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் பல பத்தாண்டுகள் ஆண்டுக் குளோவரை மட்டும் நம்பிய மேய்ச்சல் நிலங்கள், நைட்ரேட் கீழே இறங்கி இறங்கியே அமிலமாகிப்போனதையும், ஆழ வேர் விடும் பல்லாண்டுப் புல்லைச் சேர்த்த நிலங்களில் அது மெதுவாக நடந்ததையும் படித்திருக்கிறேன். 7.9 உள்ள சமவெளி மண்ணுக்கு அந்தப் பயம் இல்லை.

மூலனூர் மேய்ச்சல்

எல்லோருக்கும் நன்றி. இப்போது நடைமுறையில் சில கேள்விகள். யூரியா போட்டுவிட்டுப் பயறையும் விதைத்தால் இரட்டைப் பலன் கிடைக்காதா? மணிச்சத்து குறைவு என்று வந்திருப்பதால் என்ன செய்ய வேண்டும்? முயல்மசால் எங்கள் மண்ணுக்குப் பொருந்துமா? காட்டின் ஒரு பாதி செம்மண் சரளை; மறு பாதியில் அரை அடி தோண்டினாலே சுக்காங்கல் (சுண்ணாம்புக் கல்) வருகிறது.

செம்மண்

யூரியாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட்டில் லாஸும் கில்பர்ட்டும் 1856-இல் தொடங்கிய புல்வெளிச் சோதனை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அமோனியம் சல்பேட் தொடர்ந்து போட்ட பாத்திகளில் பயறு இனங்கள் மறைந்து, மண்ணும் கடும் அமிலமாகி, விரல்விட்டு எண்ணக்கூடிய புல் வகைகள் மட்டுமே மிஞ்சின. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மட்டும் போட்டு, தழைச்சத்து போடாமல் விட்ட பாத்திகளில் பயறு இனங்கள் செழித்தன. எந்த உரமும் போடாத பாத்தியை விட அங்கே உலர்புல் மகசூலும் நன்றாகக் கூடியது. 7.9 நிலையில் உங்கள் மண் அமிலமாவதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் யூரியாவால் புல் திடீரென்று உயர்ந்து பயறு நாற்றின் மேல் நிழல் விழும், முடிச்சும் சோம்பிவிடும். மேலும், காரத் தன்மையுள்ள மண்ணின் மேல் தூவிய யூரியாவில் ஒரு பகுதி, மழை தவறினால் அமோனியாவாகக் காற்றோடு போய்விடும். கலப்பு விதைப்புக்கும் யூரியாவுக்கும் ஒத்துப்போகாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மணிச்சத்துக்குச் செலவு செய்யுங்கள். முடிச்சு வேலை செய்ய அது கட்டாயம் தேவை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மணிச்சத்து இருந்தும் பூட்டிக் கிடக்கும். காற்றிலிருந்து தழைச்சத்தை எடுக்கும்போது பயறு வேர் தன்னைச் சுற்றியுள்ள மண்ணைச் சற்று அமிலமாக்குவதால் அந்தப் பூட்டு ஓரளவு திறக்கிறது. பக்கத்துப் புல்லுக்கும் அதில் பங்கு கிடைக்கும். ஆனாலும் தொடக்கத்தில் விதைக்கும் வரிசையை ஒட்டிச் சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு எருவோடு கலந்து இடுவது நல்லது. ராக் பாஸ்பேட் உங்கள் மண்ணில் கரையாது. அமில மண்ணுக்குத்தான் அது உதவும்.

இனத் தேர்வில், செம்மண் சரளைப் பாதிக்கு முயல்மசால் மிகப் பொருத்தம். கொழுக்கட்டைப் புல்லையும் முயல்மசாலையும் சேர்த்து வளர்ப்பது ஜான்சியில் உள்ள புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனமும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கும் இணை. கோவைப் பரிந்துரை மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை முயல்மசால். சுக்காங்கல் பாதியில் முயல்மசால் வெளிறி நிற்க வாய்ப்பு அதிகம். அங்கே வேலிமசாலையோ சங்குப்பூவையோ முயலுங்கள். நரிப்பயறை இரண்டு பாதியிலும் தூவலாம். அது ஓராண்டுச் செடிதான் என்றாலும், காய் முற்றும் வரை ஒரு பருவம் ஆடு விடாமல் வைத்தால் விதை மண்ணில் தங்கி, பிறகு தானாகவே முளைத்துக்கொள்ளும். அது உங்கள் காட்டில் அரிதானதற்குக் காரணம், காய்ப்பதற்கு முன்பே தொடர்ந்து மேய்ந்ததுதான் என்று ஊகிக்கிறேன்.

கணக்குப்பிள்ளை

வெள்வேலனை ஏன் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை? அதுவும் பயறு இனம்தான், முடிச்சு வைக்கும். கோடையில் அதன் காய் ஆடுகளுக்குத் தீனியாகிறது. உதிரும் சிற்றிலை மரத்தடியில்தான் விழுகிறது. மரத்தடியில் புல் பச்சையாக நிற்பதற்கு நிழல் மட்டும் காரணமாக இருக்காது. சீமைக் கருவேலமும் அதே இனம்தானே என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள். அது எடுக்கும் தண்ணீருக்கும் அடைக்கும் இடத்துக்கும் ஈடாக எந்தத் தழைச்சத்தும் வராது.

என் கேள்வி வேறு. இதெல்லாம் செய்து எத்தனை ஆண்டில் மண் பரிசோதனை அட்டையில் தெரியும்? அடுத்த ஆண்டே எண் மாற வேண்டும் என்று எதிர்பார்த்து, மாறாததால் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செம்மண்

அடுத்த ஆண்டு அட்டையில் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. மானாவாரியில் ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு டன் உலர் பயறுத் தழை வளர்ந்தால் 20 முதல் 25 கிலோ தழைச்சத்து. அதில் ஒரு பங்கு சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் அமோனியாவாகப் போய்விடும். மேலே சொன்ன 75 கிலோ மண்ணில் நிலையாகத் தங்க ஐந்தாறு ஆண்டாவது பிடிக்கும். மழை பொய்த்தால் இன்னும் கூடும். தவிர, ஒரே காட்டில் இரண்டு இடத்து மண்ணை எடுத்தாலே எண் அதற்கு மேல் வேறுபடும். ஆகவே மாதிரி எடுக்கும் திட்டுகளை அடையாளம் வைத்து, ஒவ்வொரு முறையும் அதே இடங்களில், அதே பருவத்தில், அதே ஆழத்தில் எடுக்க வேண்டும். மரத்தடியையும், ஆடு அடைந்த இடத்தையும் தவிர்க்க வேண்டும்.

அட்டைக்கு முன் மண்வெட்டி சொல்லிவிடும். விதைத்து 45 நாள் கழித்து, ஈரம் இருக்கும்போது ஒரு செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வேரை நீரில் அலசி, முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இரத்தச் சிவப்பாகவோ ஆழ்ந்த இளஞ்சிவப்பாகவோ இருந்தால் வேலை நடக்கிறது. வெளிர் நிறமாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. புல் தூரையும் தோண்டிப் பாருங்கள். வேரைச் சுற்றிப் பொரிமாவு போல மண் பொடி ஒட்டிக்கொண்டு, உதறினாலும் விழாமல் நின்றால் மண் கட்டமைப்பு திரும்புகிறது என்று கொள்ளலாம். பயறின் பங்கு தழையில் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் நின்றால் போதும் என்பது ஐரோப்பியப் புல்வெளி ஆய்வுகளின் பொதுவான முடிவு. மானாவாரியில் 25 வந்தாலே நான் திருப்தி அடைவேன்.

மூலனூர் மேய்ச்சல்

இப்படித் திட்டமிட்டிருக்கிறேன். முழுக் காட்டையும் தொடாமல், கிளுவை வேலியால் பிரிந்திருக்கும் ஒரு துண்டை மட்டும் இந்த ஆண்டு எடுத்துக்கொள்கிறேன். புரட்டாசியில் வெற்றுத் திட்டுகளைக் கீறி, சரளைப் பகுதியில் முயல்மசாலும், சுக்காங்கல் பகுதியில் வேலிமசாலும், எங்கும் நரிப்பயறும் போடுகிறேன். பட்டி எருவை இந்த ஆண்டு விற்கப் போவதில்லை. ஆடுகளை இரவில் மற்ற துண்டுகளில் மாற்றி மாற்றிக் கிடை போட ஆள் பேசியிருக்கிறேன். விதையை எப்படிப் பக்குவம் செய்வது, முதல் ஆண்டு எப்போது ஆடு விடலாம் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

தோட்டத்துச்சாளை

விதைப் பக்குவத்தை நான் சொல்கிறேன், வேலிமசாலில் பழக்கப்பட்டது. இரண்டு மசாலுக்கும் விதைத்தோல் கடினம். அப்படியே போட்டால் பெரும்பாலானவை முளைக்காமல் கிடக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, சூடு 80 டிகிரி அளவுக்குத் தணிந்ததும் விதையைப் போட்டு நான்கு நிமிடம் வைத்து உடனே வடித்துவிட்டு, குளிர்ந்த நீரில் ஓரிரவு ஊறவையுங்கள். அடுப்பில் இருக்கும்போதே விதையைப் போட்டால் வெந்துவிடும். பிறகு ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதையில் பூசி நிழலில் உலர்த்தி, அன்றே விதையுங்கள். வாங்கும்போது எந்தப் பயிருக்கு உரிய ரைசோபியம் என்று கேட்டு வாங்க வேண்டும். நிலக்கடலைக்கும் தட்டைப்பயறுக்கும் கொடுப்பது முயல்மசாலுக்குப் பெரும்பாலும் ஒத்துவரும், வேலிமசாலுக்கு ஒத்துவராது.

செம்மண்

முதல் ஆண்டு தை வரை ஆடு விட வேண்டாம். நரிப்பயறு காய்த்து விதை உதிர்ந்ததையும், முயல்மசாலின் தண்டு அடியில் கட்டைபோல் முற்றியதையும் பார்த்த பிறகு, முதலில் மாடுகளை மட்டும் சில நாள் விடுங்கள். மாடு மேலாக மேயும். செம்மறி கொழுந்தை அடிவரை கடித்துவிடும். இடையில் புல் உயர்ந்து மசாலை மூடினால், ஆட்டை விடுவதற்குப் பதில் அரிவாளால் முழங்கால் உயரத்துக்கு அறுத்து, அறுத்ததை வெற்றுத் திட்டுகளின் மேலேயே மூடாக்காகப் பரப்பிவிடுங்கள்.